மூத்தாள் ரூபாய்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று சொல்லிக்கொள்வது வழக்கம். உண்மையில் நான் விடவில்லை, வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அதில் வாத்தியாருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. ஞாபகமும் சரியில்லை. முன்னே நடந்தது பின்னே வரும், பின்னே நடந்தது வராமலே போய்விடும். பெயர்கள் சில மறந்துவிட்டன, மறக்காத பெயர்களை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆகவே இதில் யார் பெயரும் வராது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஆம்பூர்ப் பக்கத்தில்தான் நான் வாழ்க்கைப்பட்டேன். என் வீட்டுக்காரர் ஆவாரம்பட்டை வியாபாரம் செய்தார். மலைப்பக்கத்து ஆட்கள் கட்டுக்கட்டாகப் பட்டையைக் கொண்டுவந்து போடுவார்கள். அதைக் காயவைத்துத் தோல் ஷாப்புகளுக்குக் கொடுப்பார். தோல் ஊறவைக்கிற தொட்டியில் போடுவதற்கு அந்தப் பட்டைதான் வேண்டும். கல்யாணத்தின்போது எனக்குப் பதினான்கு வயதோ பதினைந்தோ. அவருக்கு அது இரண்டாம் கல்யாணம். மூத்தவள் காய்ச்சலில் செத்துப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

எங்கள் ஜனங்களில் ஒரு வழக்கம் உண்டு. பெண்டாட்டி செத்த ஒருவர் மறுபடியும் கட்டிக்கொண்டால், வருகிற இளையாள் கழுத்தில் தாலியோடு இன்னொன்றையும் கட்டுவார்கள். வசதி உள்ளவர்கள் பொன்னில் சின்னதாக ஒரு முகம் செய்து போடுவார்கள். எங்களைப் போன்றவர்கள் ஒரு வெள்ளி ரூபாய்க்கு வளையமாக ஒரு காது வைத்து மஞ்சள் கயிற்றில் கோர்த்துக்கொள்வோம். அந்த ரூபாய்தான் செத்துப்போன மூத்தாள். புதுப் புடவை வாங்கினால் முதலில் அவளுக்குக் காட்ட வேண்டும். பண்டிகைச் சோற்றை அவளுக்குப் படைத்துவிட்டுத்தான் நான் தொட வேண்டும். வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சளும் குங்குமமும். இவ்வளவும் செய்தால் அவள் பொறாமைப்படாமல் என் வயிற்றில் வருகிற பிள்ளைகளைக் காப்பாற்றுவாள். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை என் மாமியார் முழுதாகச் சொல்ல மாட்டார். பாதியில் நிறுத்திவிட்டு வெற்றிலையை எடுப்பார். அதுதான் எனக்கு ஜாஸ்தி பயம்.

ரூபாயில் ஒரு பெண்முகம் இருந்தது. கொழுத்த கன்னம், தலையில் கிரீடம், கழுத்தில் நகை. மூத்தவளை நான் பார்த்ததில்லை. அவளைப் பற்றி மாமியார் தினமும் சொல்லுவார்: மூக்கும் முழியுமாக இருப்பாள், வாய் திறந்தால் தெருவே கேட்கும், வண்டிக்காரனிடம் அவளே நின்று பேரம் பேசுவாள். நானோ வாசலில் தயிர்க்காரி வந்தால்கூட உள்ளே போய் நின்றுகொண்டு கையை மட்டும் வெளியே நீட்டுகிறவள். அப்படிப்பட்டவளின் முகம் இப்படித்தான் இருக்கும் என்று நான் முடிவு செய்துகொண்டேன். பிறந்த வீட்டில் காசு பார்த்ததில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். ஆனால் காசு கையில் வந்தால் முந்தானையில் முடிந்துகொண்டு ஓடுகிறவள்தானே தவிர, அதில் யார் முகம் இருக்கிறது என்று திருப்பிப் பார்த்தவள் இல்லை.

ஒருநாள் எண்ணெய்க்காரருக்குக் கொடுக்கச் சொல்லி வீட்டுக்காரர் ஒரு ரூபாயைக் கொடுத்தார். அதிலும் அதே முகம். செத்துப்போன பெண்டாட்டிமேல் இவ்வளவு ஆசையா, எண்ணெய்க்காரருக்குக் கொடுக்கிற ரூபாயில்கூட அவள் முகத்தை அடித்து வைத்திருக்கிறாரே என்று நினைத்தேன். அன்று பகல் அவருக்குச் சோறு போடும்போது, எங்கிருந்து தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டேன்.

"இந்த மாதிரி எத்தினி அடிச்சி வெச்சிருக்கீங்க?"

"எது?"

"அக்கா மொகம் போட்ட ரூபா."

அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் சோறு மூக்கில் ஏறிவிட்டது. எழுந்துபோய் அம்மாவிடம் சொன்னார். மாமியார் தெருவில் சொன்னார். அதற்கப்புறம் ரொம்ப நாளைக்குக் கிணற்றடியில் என்னைப் பார்த்தவர்களெல்லாம், உன் முகத்தை எதில் போடப்போகிறார், காலணாவிலா அரையணாவிலா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்காரர் நல்ல மனுஷர். சிரித்து முடித்த பிறகு உட்காரவைத்துச் சொன்னார். எனக்குத் தெரிந்த ரூபாயின் சரித்திரம் எல்லாம் அன்றைக்கு அவர் சொன்னதுதான். அந்தக் காலத்தில், நவாபு ஆண்டபோது, ஆற்காட்டிலேயே ரூபாய் அடிக்கிற கம்பட்டம் இருந்ததாம். வெள்ளி வைத்திருப்பவர் கொண்டுபோய்க் கொடுத்தால் கூலி பிடித்துக்கொண்டு மிச்சத்தை ரூபாயாக அடித்துக் கொடுப்பார்களாம். ஆற்காட்டு ரூபாய் என்றால் ஊர் உலகமெல்லாம் வாங்குமாம். அந்தப் பேருக்காகவே கும்பினி வெள்ளைக்காரர்களும் தாங்கள் இருந்த இடத்தில் உட்கார்ந்து ஆற்காட்டு ரூபாய் அடித்தார்களாம். ஊருக்கு ஒரு ரூபாய், ரூபாய்க்கு ஒரு எடை என்று இருந்ததால், மாற்றிக் கொடுக்கிற சேட்டுகளுக்கு நல்ல காலம். கும்பினியின் கை ஓங்கியதும், இனி எல்லா ஊருக்கும் ஒரே ரூபாய், அதை நாங்கள்தான் அடிப்போம் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு பட்டணத்தில் இருந்த தங்கசாலைக் கம்பட்டத்தையும் மூடிவிட்டு, கல்கத்தாவிலும் பம்பாயிலும் மட்டும் அடித்தார்கள். அப்போதும் சனங்கள் தங்கள் வெள்ளியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அடித்துக் கொடுத்தார்களாம். என் மாமனார் காலத்தில் அந்தக் கதவையும் சாத்திவிட்டார்கள். எத்தனை ரூபாய் அடிப்பது, எப்போது அடிப்பது எல்லாம் சர்க்கார் ஒருவர் கையில்.

இவ்வளவு சொன்னதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: ஒருவர் ஆசைப்பட்டாலும் தன் பெண்டாட்டி முகத்தைப் போட்டு ரூபாய் அடிக்க முடியாது. அப்போ இந்த அம்மா யார் என்று கேட்டேன். சீமை ராணி என்றார். அந்த அம்மாவும் செத்துப் பல வருஷம் ஆகிறது என்றார். அதைக் கேட்டு எனக்கு ஒருவிதமான ஆறுதலாக இருந்தது. எப்படியும் செத்துப்போன ஒருத்தியைத்தானே கட்டியிருக்கிறேன் என்று பட்டது. கும்பிட்ட கும்பிடு வீண் போகவில்லை.

ராணிக்குப் பிறகு அவள் பிள்ளை ராஜா. ரூபாயில் மொட்டைத் தலையாக இருப்பார். அவருக்குப் பிறகு அவர் பிள்ளை, தாடிக்காரர். அந்தத் தாடிக்காரர் முகம் போட்டு முதலில் வந்த ரூபாயைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒரு ரகளை நடந்தது. ராஜாவின் மேலாடையில் ஒரு யானை உண்டாம். அது பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருக்கிறது என்று தோல் ஷாப்பு சாயபுமார்கள் கையில் வாங்க மாட்டேன் என்றார்கள். சர்க்கார் அந்த ரூபாய்களைத் திருப்பி வாங்கி, யானைக்குத் தும்பிக்கையைச் சரியாகப் போட்டு மறுபடி அடித்துக் கொடுத்தது. நானும் அந்த யானையைத் தேடிப் பார்த்திருக்கிறேன். எனக்கு எலி மாதிரித்தான் தெரிந்தது.

இந்த ராஜா ரூபாய் எதுவும் எங்கள் வழக்கத்துக்கு ஆகாது. மூத்தாள் பெண் அல்லவா, ரூபாயிலும் பெண்தான் இருக்க வேண்டும். "மொட்டத் தல ஆம்பளயக் கழுத்துல கட்டிக்கினு பொழுதன்னிக்கும் குடித்தனம் பண்ணுவியா?" என்று மாமியார் கேட்பார். ஆகவே ராணி ரூபாய் கிடைத்தால் எங்கள் ஜனங்கள் எடுத்து வைத்துக்கொள்வார்கள். யார் வீட்டில் எப்போது தேவைப்படும் என்று சொல்ல முடியாதே.

ஜெர்மன் சண்டை வந்தது. சிப்பாய்களுக்குப் பூட்ஸ் வேண்டும், பூட்ஸுக்குத் தோல் வேண்டும், தோலுக்குப் பட்டை வேண்டும். எங்கள் களத்தில் பட்டை காயவைக்க இடமில்லாமல் போயிற்று. வியாபாரம் இப்படி நடந்தும் வெள்ளி ரூபாய் மட்டும் கண்ணில் படுவது நின்றுவிட்டது. வெள்ளி விலை ஏறிவிட்டது. ஒரு ரூபாயை உருக்கினால் ஒரு ரூபாய்க்கு மேல் கிடைக்கும் என்ற நிலைமை வந்ததும், உருக்கத் தெரிந்தவர்கள் உருக்கினார்கள், தெரியாதவர்கள் கிடைத்ததைப் புதைத்தார்கள். சர்க்கார் ஒரு ரூபாய்க்குக் காகித நோட்டு போட்டது. தோல் ஷாப்பில் சனிக்கிழமைக் கூலியை அதில்தான் கொடுத்தார்கள். கூலிக்காரர்கள் அதை ஈரக்கையால் வாங்கப் பயந்து முந்தானைக்குள்ளும் தலைப்பாகைக்குள்ளும் வைத்துக்கொண்டு போனார்கள். சந்தையில் கிழவிகள், இதை அடுப்பில் போட்டால் கஞ்சி காயுமா என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு முதல் பிள்ளை உண்டாயிற்று. அந்தச் சமயத்தில்தான் தண்டோராவும் வந்தது.

தப்படிக்கிறவர் எங்கள் தெருமுனையில் நின்று சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். சர்க்கார் வெள்ளி ரூபாயை உருக்கக் கூடாது, உடைக்கக் கூடாது, செலவுக்குத் தவிர வேறு எதற்கும் வைத்துக்கொள்ளக் கூடாது, மீறினால் ஜெயில். உருக்குவது, உடைப்பது எல்லாம் என் காதில் விழவில்லை. வேறு எதற்கும் என்றாரே, அதில் நின்றுவிட்டேன். கழுத்தில் தொங்குவது செலவுக்கா என்ன. ஜெயில் என்றால் வேலூர் ஜெயில். என்னைப் பிடித்துப் போக மாட்டார்கள், பொம்பிளை செய்ததற்கு வீட்டு ஆம்பிளையைத்தான் பிடிப்பார்கள் என்பது எனக்குத் தெரிந்த சட்டம். யாரும் சொல்லித் தரவில்லை. நானே இயற்றியது.

மாமியாரிடம் போய், கொஞ்ச நாளைக்குக் கழற்றிப் பெட்டியில் வைக்கட்டுமா என்று கேட்டேன். அவர் உரலில் மிளகாய் இடித்துக்கொண்டிருந்தார். உலக்கை நின்றது.

"அவள கழட்டி வெச்சா வயித்துல கீறதுக்கு யாருடி ஜவாப்பு? சர்க்காரா வந்து பிரசவம் பாக்கும்?"

எங்கள் உறவில் ஒருத்தி மாசமாக இருக்கும்போது மூத்தாள் ரூபாயை அடகு வைத்தாளாம். அவளுக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல ஆரம்பித்து, வழக்கம்போலப் பாதியில் நிறுத்திவிட்டார். வீட்டுக்காரரிடம் கேட்டேன். அம்மா இல்லாதபோது கேட்டால் கழற்று என்றார், அம்மா எதிரில் கேட்டால் போட்டுக்கொள் என்றார். கழற்றினால் பிள்ளைக்கு ஆபத்து, போட்டால் புருஷனுக்கு ஆபத்து. இரண்டுக்கும் நடுவில் நான் கண்டுபிடித்த வழியைக் கேளுங்கள். புடவைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி முகவாய்க்கட்டை வரைக்கும் மூடிக்கொண்டேன். அதற்குமேல் ஒரு துண்டு. வெயில் காலத்தில்.

என் புத்திக்கு அது நல்ல மறைவாகத் தெரிந்தது. தெருவுக்கு வேறு மாதிரி தெரிந்தது. பட்டைக்காரர் பெண்டாட்டிக்குப் பொன்னுக்கு வீங்கி கண்டிருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். கன்னத்தோடு கழுத்து வீங்குமே, அதுதான். மாசமாக இருக்கும்போது அது வந்தால் ஆகாது என்று ஒருத்தி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கொண்டுவந்தாள். பக்கத்து வீட்டு உருதுக்கார அம்மா வாசலில் நின்றே ஓதி ஊதிவிட்டுப் போனார். நான் உள்ளே இருந்தபடி தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறக்காததால் வீக்கம் ஜாஸ்தி என்று நம்பிவிட்டார்கள். என் கூச்சம் இவ்வளவு உபயோகப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

பொன்னுக்கு வீங்கிக்கு எங்கள் பக்கத்தில் முக்கியமான வைத்தியம், கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவது. எங்கள் வீட்டில் தங்கச் சங்கிலி இல்லை என்பது ஊருக்கே தெரியும். எதிர் வீட்டில் போலீஸ் ஏட்டு குடியிருந்தார். அவர் பெண்டாட்டி தங்கமான மனுஷி, கை தாராளம், வாய் அதைவிடத் தாராளம். ஒருநாள் பகலில், மாமியார் களத்துக்குப் போயிருந்தபோது, தன் சங்கிலியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அடுப்படிக்கே வந்துவிட்டாள்.

"இன்னா பொண்ணு, செத்துகித்துப் போவலாம்னு கீறியா? திரும்பு, போட்டுவுடறேன்."

வேண்டாம் அக்கா என்றேன். கூச்சப்படாதே என்றாள். சரியாகிவிட்டது அக்கா என்றேன். அப்போ ஏன் மூடியிருக்கிறாய் என்றாள். பின்னால் பின்னால் போனேன், பின்னால் அடுப்பு. அவள் துண்டை இழுத்தாள், தலைப்பை இழுத்தாள். வீக்கம் இல்லாத கழுத்து. அதில் வெள்ளிக்கிழமைக் குங்குமத்தோடு ராணி.

ஏட்டு பெண்டாட்டி ரூபாயை விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"இதுக்கா இம்மா நாளா மூடிக்கினு கெடந்த?"

தண்டோரா சொன்னதைச் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னதால் அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை. ஏட்டய்யாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவளோ என் முதுகைத் தட்டி, "நீ ஒண்ணும் பேஜாராவாத. நானே அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். போலீஸ்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்பதைவிட எனக்குப் பயமான வார்த்தை அந்த நேரத்தில் வேறு இல்லை.

மறுநாள் காலையில் அம்மன் கோயிலுக்கு என்று சொல்லிக் கிளம்பினேன். அந்த வீட்டுக்கு வந்த பிறகு நான் தெருவைத் தாண்டித் தனியாகப் போனது அதுதான் முதல். நேராகப் பொற்கொல்லர் வீட்டுக்குப் போனேன். ரூபாய்க்குக் காது வைத்தவர் அவர்தான். காதை எடுத்துவிட்டால் வெறும் ரூபாய் ஆகிவிடும், ரூபாய் வைத்திருப்பது குற்றமில்லை. பெட்டிக்குள் வைத்து மாமியாருக்குத் தெரியாமல் கும்பிட்டுக்கொள்ளலாம், மூத்தாளும் கோபிக்க மாட்டாள். இதுதான் என் ஏற்பாடு. வீட்டு வாசலில் நின்று ரூபாயைக் காட்டியதுமே அவர் உலையிலிருந்து எழுந்துவிட்டார். உள்ளூர்ப் பொற்கொல்லர்கள் எல்லாரிடமும் போலீஸ் வந்து எச்சரித்துவிட்டுப் போயிருக்கிறது, ரூபாய் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோனால் உலையோடு சேர்த்து என்னையும் எடுத்துக்கொண்டு போவார்கள் என்றார். வைத்தது நீங்கள்தானே என்றேன். வைத்தபோது சண்டை இல்லை என்றார். சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், எங்கேயாவது சர்க்கார் ஆபீஸில் கொடுத்துவிட்டு வேறு ரூபாய் வாங்கிக்கொள் என்றார்.

எனக்குத் தெரிந்த சர்க்கார் ஆபீஸ் போஸ்டாபீஸ்தான். அங்கே போகிற வழியில் ஒரு புளியமரத்தின் பின்னால் நின்று ரூபாய் கோர்த்த கயிற்றைக் கழற்றினேன். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என் கழுத்தைவிட்டு இறங்கியது அதுதான் முதல் தடவை. இறக்கியது அவளுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று ரூபாயை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டே நடந்தேன். பிள்ளை ஒரு உதை உதைத்தது. மூத்தாள்தான் கோபத்தில் உதைத்தாளா, குழந்தையே உதைத்ததா என்று இன்றைக்குவரை எனக்குத் தெரியாது. அழுத்திப் பிடித்ததில் எந்தப் பிள்ளையும் உதைக்கும் என்பது இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

போஸ்டாபீஸ் ஜன்னலுக்குள் கண்ணாடி போட்ட ஒரு வயசான குமாஸ்தா இருந்தார். கழுத்தில் துண்டோடு என்னைப் பார்த்ததும் பொன்னுக்கு வீங்கி ஒட்டிக்கொள்ளும் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். நான் பேசாமல் ரூபாயை உள்ளே தள்ளினேன். கயிற்றின் முனையை விடவில்லை. அவர் ஒரு பென்சிலால் அதைப் புரட்டினார். மஞ்சள் ஏறி ராணியின் மூக்கே தேய்ந்திருந்தது.

"இது செல்லாதும்மா. எடுத்துக்கினு போ."

இது சர்க்கார் ரூபாய்தானே என்று கேட்டேன். கேட்டேன் என்றா சொன்னேன், உதட்டை அசைத்தேன். அவர் கொஞ்சம் பொறுமைக்காரர். அடிக்கும்போது சர்க்கார் ரூபாய்தான், காது வைத்து, பற்று வைத்து, தேய்த்த பிறகு சர்க்கார் இதை வாங்கிக்கொள்ளாது என்று விளக்கினார். நான் நகரவில்லை. புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னும் சத்தமாகச் சொன்னார்.

"இது ரூபாயே இல்லம்மா. இது நகை. போய்க் கழுத்துல போட்டுக்க."

அங்கே ஸ்டாம்பு வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. சர்க்கார் உட்கார்ந்திருக்கிற ஜன்னலிலிருந்து சர்க்கார் வாயாலேயே சொல்லியாயிற்று: இது ரூபாய் இல்லை. தண்டோரா போட்டது ரூபாயைப் பற்றி. ரூபாய் இல்லாததை ரூபாய் என்று சொல்லி யாரை ஜெயிலில் போட முடியும். மூன்றாம் வகுப்பு படித்தவளுக்கு இவ்வளவு தெளிவாக ஒரு கணக்கு வந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. போஸ்டாபீஸ் வாசலிலேயே கயிற்றைக் கட்டிக்கொண்டேன். துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டேன். ரூபாயைப் புடவைக்கு வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு நடந்தேன். காற்று கழுத்தில் பட்டது அவ்வளவு நன்றாக இருந்தது.

தெருவுக்குள் திரும்பினால் எங்கள் வீட்டு வாசலில் ஏட்டு நின்றுகொண்டிருந்தார். தலைப்பாகையும் பெல்ட்டுமாக. பக்கத்தில் என் வீட்டுக்காரர், முகத்தில் ரத்தமே இல்லை. உள்ளே கதவோரம் மாமியார். போஸ்டாபீஸில் வந்த கணக்கெல்லாம் என் தலையைவிட்டு ஓடிவிட்டது. கால் மட்டும் எப்படியோ நடந்துகொண்டிருந்தது.

ஏட்டு வந்தது வேறு காரியத்துக்கு. அது எனக்கு அப்புறம்தான் தெரியும். அவருக்குச் சம்பளம் முழுவதும் காகித நோட்டாகக் கொடுத்திருக்கிறார்கள். குடியாத்தத்தில் அவர் தங்கைக்குக் கல்யாணம். தாம்பூலத்தட்டில் வைக்க ஒரு வெள்ளி ரூபாயாவது வேண்டும், காகிதத்தை வைத்தால் சம்பந்தி வீட்டார் தட்டைத் திருப்பிவிடுவார்கள். பட்டை வியாபாரத்தில் வெள்ளி புழங்குமே, ஒரு நோட்டை வாங்கிக்கொண்டு ஒரு ரூபாய் கொடுக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரரோ, வெள்ளி ரூபாய் வைத்திருக்கிறாயா என்று போலீஸ் துப்புக் கேட்பதாக நினைத்து, எங்கள் வீட்டில் வெள்ளியே கிடையாது, நாங்கள் வெள்ளியைப் பார்த்தே வருஷக்கணக்காகிறது என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார். சரியாக அந்த நேரத்தில் நான் வெள்ளியை வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றேன்.

ஏட்டு திரும்பிப் பார்த்தார். அவர் கண் என் கழுத்தில் நின்றது.

"இதோ ஒண்ணு கீதே," என்றார்.

கிண்டலாகச் சொன்னாரோ, பெண்டாட்டி சொல்லியிருந்தாளோ, தெரியாது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். அதற்கப்புறம் ஒரு பெண்பிள்ளை குரல் தெருவே கேட்கிற மாதிரி பேசியது. அது என் குரல் என்று எனக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

"அது ரூபா இல்லீங்க, நகை. சர்க்காரே சொல்லிட்டாங்க. வேணும்னா போஸ்டாபீசுல போயி கேட்டுக்குங்க."

எதிர் வீட்டு வாசலில் ஏட்டு பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். ஏட்டு நோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சர்க்காரே சொல்லிவிட்டால் நான் யார் என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து போனார். நடக்கும்போது அவர் தோள் குலுங்கியது. சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார். இத்தனை நாள் குடித்தனம் செய்து, ஒரு வெளி ஆம்பிளையிடம் நான் நிமிர்ந்து பேசியது அன்றைக்குத்தான். யாராவது ஒரு வார்த்தை மெச்சுவார்கள் என்று ஆசையாக இருந்தது. மாமியார் குங்குமச் சிமிழோடு வந்தார். எனக்கு வைக்கப்போகிறார் என்று நெற்றியைக் காட்டினேன். அவர் குனிந்து ரூபாய்க்கு வைத்தார்.

"பாத்தியாடா, மூத்தவதான் வந்து பேசினா. அதே தொண்ட, அதே வாய். இவளுக்கு ஏது இம்மா வாயி?" என்று மகனிடம் சொன்னார்.

நான் மறுத்துப் பேசவில்லை. பேசினால் அதையும் அவள்தான் பேசினாள் என்பார்கள். அதோடு, பிரசவம் வரைக்கும் அவள் தயவு வேண்டியிருந்தது.

மழைக்காலத்தில் பெண் பிறந்தாள். நல்ல கனம். பிறந்தவுடனே அழுத அழுகை எதிர் வீட்டுக்குக் கேட்டு, ஏட்டு பெண்டாட்டி ஓடிவந்தாள். கைகால் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தபோது, மாமியார் குழந்தையின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இதுவும் மூத்தவள் மாதிரித்தான் என்று சொன்னார். என் வீட்டுக்காரரை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. எத்தனையோ வருஷம் பட்டை விற்று, வயசாகி, கட்டிலில்தான் போனார்.

இவ்வளவு எழுதிய பிறகும் எனக்கு ஒரு குறுகுறுப்பு இருக்கிறது. தண்டோராவில் சொன்ன சட்டம் கழுத்தில் கட்டுகிற ரூபாய்க்கும் சேர்த்துத்தானா, இல்லை உருக்கி விற்கிறவர்களுக்கு மட்டுமா? போஸ்டாபீஸ் குமாஸ்தா சொன்னது செல்லுமா, இல்லை என்னை அனுப்பிவிட்டால் போதும் என்று சொன்னாரா? காகித நோட்டு முதலில் வந்ததா, தண்டோரா முதலில் வந்ததா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆற்காட்டுக் கம்பட்டத்தைப் பற்றி வீட்டுக்காரர் சொன்னதில் அவர் சேர்த்துக்கொண்டது எவ்வளவு என்றும் தெரியாது. அவர் கதை சொன்னால் கொஞ்சம் தாராளமாகவே சொல்லுவார். சட்டப் புத்தகமும் சரித்திரப் புத்தகமும் படித்தவர்கள் யாராவது இதையெல்லாம் சரிபார்த்துத் தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள். நான் செய்தது குற்றம்தான் என்று தெரியவந்தால், அதையும் தயங்காமல் எழுதுங்கள். இப்போது பிடித்துக்கொண்டு போவதென்றால் என்னைத்தான் பிடிக்க வேண்டும், வீட்டுக்காரருக்கு இனி ஆபத்தில்லை.